மரித்தோர் பட்டியலில் வெண்புறா

2023 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள ஒரு பங்குக் கோயிலின் காலை ஆறு மணிப் பூசையில், மரித்தோர் பட்டியலின் நாற்பத்தேழாவது பெயராக ‘வெண்புறா டீ’ வாசிக்கப்பட்டது.

வாசித்தவர், சாமியாருக்குத் துணையாகக் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார். நவம்பர் மாதம் முழுக்க அந்தக் கோயிலில் பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு மரப்பெட்டி இருக்கும். வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதி அதில் போட்டால் ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். பத்துப் பெயருக்கு ஒருமுறை எல்லாரும் சேர்ந்து இளைப்பாற்றி ஜெபம் சொல்வார்கள். உபதேசியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. பெயர்களை வாசிப்பாரே தவிர, தான் வாசிப்பதைக் காதில் வாங்கமாட்டார். “சூசைநாதன், அந்தோணியம்மாள், சிறுமலர், வெண்புறா டீ” என்று ஒரே மூச்சில் போய், அடுத்த சீட்டைக் கையில் எடுத்த பிறகுதான் நின்றார். பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு பாடற்குழு சிரித்தது. அப்புறம் கோயிலே சிரித்தது.

ஜெயம் சிரிக்கவில்லை. அந்தச் சீட்டில் மூன்றாவதாக இருந்த சிறுமலர் அவள் பெற்ற பெண். 1996இல், மூன்றரை வயதில், மூளைக்காய்ச்சலில் போனவள். அவளைப் புதைத்த குழிகூட இப்போது இல்லை. கல் கட்டாத குழியை ஐந்து வருடம் கழித்துத் திறந்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவது அந்தப் பங்கின் வழக்கம். அப்படி 2001இல் சிறுமலரின் குழி போயிற்று. அவள் பெயர் மிஞ்சியிருந்த ஒரே இடம் இந்தப் பட்டியல்தான். வருடத்தில் ஒருநாள் அந்தப் பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொல்லிக் கேட்பதற்காகவே ஜெயம் நவம்பருக்குக் காத்திருப்பாள். இந்த வருடம் பெயர் முடிந்த கையோடு அதன் மேல் சிரிப்பு விழுந்தது.

ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் புருஷன் ராஜாங்கம் தலையைக் குனிந்து, கண்ணை மூடி, ஜெபத்தில் இருந்தார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

“இன்னா காரியம் பண்ணி வச்சிருக்க? எம் பொண்ணு பேருக்குக் கீழ டீத்தூளா?”

“செத்தவங்க பேருதான கேட்டாங்க. அதுவும் செத்துப்போச்சு.”

“டீத்தூளு சாவுமா? அதுக்கு எந்தச் சாமியாரு ஞானஸ்நானம் குடுத்தாரு? மோட்சத்துக்குப் போறதுக்கு அதுக்கு ஆத்துமா இருக்கா?”

ராஜாங்கம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “முப்பத்தினாலு வருஷம், ஜெயம்” என்றார்.

அந்த நிதானம் அவளை இன்னும் எரியவைத்தது. “நீ செத்தா உன் குழியில சிலுவ வேணாம்யா. அந்தப் புறாவையே வச்சிடுறேன். வர்றவன் போறவன்லாம் பாத்துச் சிரிக்கட்டும்.”

“வைப்பியா?” என்று கேட்டார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. ஜெயம் உள்ளே போய்விட்டாள்.

ராஜாங்கம் 1989இல் வெண்புறா டீக் கம்பெனியில் சேர்ந்தவர். மேட்டுப்பாளையம் குடோனிலிருந்து சரக்கை எடுத்துக்கொண்டு கடைகடையாகப் போகும் லைன் சேல்ஸ்மேன் வேலை. செவ்வாய்க்கிழமை கனகசெட்டிக்குளம் வரைக்கும் கடலோர லைன், வியாழக்கிழமை சேதராப்பட்டு, மற்ற நாளெல்லாம் டவுன். பச்சை நிறப் பாக்கெட்டின் நடுவில் ஒரு வெள்ளைப் புறா இருக்கும். அதன் அலகில் இரண்டு தேயிலையும் ஒரு மொட்டும். மொபெட்டின் கைப்பிடியில் ஜெபமாலையைச் சுற்றியிருப்பார். காலாப்பட்டு தாண்டுவதற்குள் ஐம்பத்துமூன்று மணியும் முடிந்துவிடும் என்பார்.

வீட்டில் வேறு டீ நுழைந்ததில்லை. வெளியிலும் வேறு டீ குடிக்கமாட்டார். கல்யாணமோ சாவோ, சட்டைப்பையில் ஒரு சின்னப் பாக்கெட்டோடுதான் போவார். நேரே அடுப்படிக்குப் போய்ச் சமையல்காரர் கையில் அதைக் கொடுத்து, “இதுல ஒரு டம்ளர் மட்டும் போடுங்க” என்று நிற்பார். ஜெயத்தின் தம்பி கல்யாணத்தில் இதனால் சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்தே போய்விட்டார்கள். புதுக் கடைக்குப் போனால், “ருசிச்சிப் பாருங்க, பொறவு பேசலாம்” என்பதோடு சரி, அதற்கு மேல் ஒரு வார்த்தை புகழமாட்டார். நமத்துப்போன பாக்கெட்டைக் கடைக்காரர் சொல்வதற்கு முன்பே திருப்பி எடுத்துக்கொள்வார். அந்நாளில் பங்கில் இருந்த பெரிய சாமியார் ஒருமுறை பிரசங்கத்திலேயே சொன்னார்: “சேசுவைப் பத்தி நாம பேசுறதவிட டீயைப் பத்தி ராஜாங்கம் நல்லாப் பேசுறான். கூச்சமா இருக்கு எனக்கு.” அன்றைக்கும் எல்லாரும் சிரித்தார்கள். ராஜாங்கம் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். ஜெயத்துக்கு அது அப்படிப் படவில்லை.

2023 ஜூனில் கம்பெனி கை மாறியது. வாங்கியவர்களிடம் ஏற்கெனவே ஒரு டீ இருந்தது. அதற்குப் போட்டியாக இன்னொன்று எதற்கென்று வெண்புறாவை நிறுத்திவிட்டார்கள். நாளையிலிருந்து லைனுக்கு வரவேண்டாம் என்று ராஜாங்கத்துக்கு ஒரு போன் வந்தது. மறுநாள் காலையில் அவர் வழக்கம்போலக் கிளம்பிப் போனார். குடோன் பூட்டியிருந்தது.

இரண்டு வருடம் கழித்து, 2025 செப்டம்பர் 11 அன்று, நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் இறந்தார். அதற்கு முந்தின சாயங்காலம் நினைவு தெளிவாகத்தான் இருந்தது. மகன் பிரேம்குமார் மருந்து வாங்க வெளியே போயிருந்தான்.

“ஜெயம்… புறா வைக்கிறேன்னியே.”

“பேசாதீங்க. மூச்சு வாங்குது பாருங்க.”

“நீதான சொன்ன.”

“சரி. வைக்கிறேன். தூங்குங்க.”

அடக்கத்தன்று குழி வெட்டியவர் பிரேம்குமாரிடம் அந்தப் பழைய விதியை ஞாபகப்படுத்தினார். அஞ்சு வருசத்துக்குள்ள கல்லு கட்டிடு தம்பி, இல்லன்னா திறந்துடுவாங்க. சேதராப்பட்டு ஃபேக்டரியில் ஒப்பந்த வேலையில் இருக்கிற பிரேம்குமார், “பாக்கலாண்ணே” என்றான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வரும்போதுதான் ஜெயம் அந்த விளம்பரத் தட்டியைப் பார்த்தாள். மார்க்கெட் முனையில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. நடுவில் அதே வெள்ளைப் புறா. ‘உயிர்த்து வந்தது வெண்புறா!’ என்று எழுதியிருந்தது. மக்கள் பழைய ருசியைக் கேட்டுக்கொண்டே இருந்ததால் புதுக் கம்பெனி பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது என்று பிரேம்குமார் போனைப் பார்த்துச் சொன்னான்.

“ஒரு மாசம்” என்றாள் ஜெயம். “ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா இது?”

அடுத்த வாரம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பெயர் சிவசங்கரி. கம்பெனிக்கு விளம்பரம் எடுத்துக்கொடுக்கிறவர்கள் சென்னையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். முப்பது வயது இருக்கும். வெயிலில் வீடு தேடி அலைந்த களைப்பு முகத்தில் இருந்தது. ஜெயம் கொடுத்த தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாள்.

“உங்க வீட்டுக்காரர் கதை எங்களுக்கு வாட்ஸ்அப்பில வந்ததும்மா. டீக்குப் பூசை வச்சவர்னு. எங்க அப்பாகூட வெண்புறாதான் குடிப்பாரு. படிச்சதும் அழுதுட்டேன், நெஜமா.”

“பூசை வைக்கல. சீட்டுல எழுதினாரு” என்றாள் ஜெயம்.

“அந்தச் சீட்டு இருக்காம்மா?”

இருந்தது. உபதேசியார் மறுவாரமே வெட்கத்தோடு கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். பில் போட்டுப் பழகிய கை. நான்கு பெயரும் நேர்கோட்டில் இருந்தன. சிவசங்கரி அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். சிறுமலர் யாரென்று கேட்டாள். ஜெயம் சொன்னாள்.

பிறகு சிவசங்கரி தான் வந்த விஷயத்தைச் சொன்னாள். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளன்று கோயிலிலும் கல்லறையிலும் படம் எடுக்க வேண்டும். ராஜாங்கத்துக்குக் கம்பெனி செலவில் கறுப்பு கிரானைட்டில் நிரந்தரக் கல்லறை கட்டித் தருவார்கள். அதில் புறா இருக்கும். இடிந்து கிடக்கிற கல்லறைச் சுற்றுச்சுவரையும் கட்டித் தருவதாகக் கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையில் பேசியாகிவிட்டது. குடும்பத்தின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி.

“பாப்பா பேரையும் அதே கல்லுல போட்டுடலாம்மா. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கட்டும்.”

 ஜெயம் சீட்டிலிருந்த மூன்றாவது பெயரைப் பார்த்தாள். இருபத்துநாலு வருடமாக எந்த மண்ணிலும் இல்லாத பெயர் அது.

“படத்துல இன்னா காட்டுவீங்க?”

சிவசங்கரி மடியிலிருந்த காகிதத்தைப் பார்த்துச் சொன்னாள். “சர்ச்சுல ஆரம்பிக்கிறோம். பேரு படிக்கிறாங்க. கடைசியில வெண்புறா டீன்னதும் எல்லாரும் சிரிக்கிறாங்க. அது காமெடி. அப்புறம் நீங்க கல்லறையில ஒரு டம்ளர் டீ வைக்கிறீங்க. அங்க எமோஷன். மேலே புறா பறக்குது. முடிஞ்சிடும். ஒரு நிமிஷம்தான்.”

“எம் பொண்ணு பேரு படிச்சதும் சிரிக்கிறாங்க.”

“பாப்பா பேரு வேணாம்னா எடுத்துடலாம்மா.”

“அவரு பேரு?”

“அதையும் மாத்திக்கலாம்.”

“அப்ப அந்தச் சிரிப்பு?”

சிவசங்கரி தயங்கினாள். அவள் பொய் சொல்லவில்லை. அதை ஜெயம் பின்னாலும் நினைவில் வைத்திருந்தாள். “சிரிப்பு வேணும்மா. அதுதான் கதை.”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள்.

யோசிக்க ஒன்றும் இல்லை என்பது பிரேம்குமாரின் கட்சி. “ம்மா, புறா வேணும்னு அப்பாவே கேட்டாரு. நீயே வைக்கிறேன்னு வாக்குக் குடுத்த. நம்ம தலைகீழ நின்னாலும் கிரானைட்டு கட்ட முடியுமா? பாப்பா பேரு வேற வருது.”

“சிரிப்பாங்கடா.”

“சிரிச்சிட்டுப் போறாங்க. அப்பா இருந்திருந்தா சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு முன்னால போயி நின்னிருப்பாரு. இல்லன்னு சொல்லு.”

“நின்னிருப்பாரு. அதுக்குத்தான் நான் வேணாங்குறேன்.”

அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கும் அதைப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது அந்த மனுஷனுக்குக் கடைசிவரை உறைத்ததே இல்லை. அன்றைக்குக் கோயிலில் அவர் கண்ணை மூடி இளைப்பாற்றி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். தன்னைப் பெற்றவர்களுக்கும் தான் பெற்ற மகளுக்கும் சொல்வதை டீக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அது பாவமா, புத்திக்கோளாறா என்று அவளுக்குத் தெரியாது. எதுவானாலும் மனசார செய்தார். ஊரோடு சேர்ந்து தானும் அவரைக் கேவலப்படுத்தினோம் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் கரீம் பாய் கடைக்குப் போனாள். சோலைநகர் பக்கம் உள்ள மளிகைக் கடை. ராஜாங்கம் முதன்முதலாகச் சரக்குப் போட்ட கடைகளில் ஒன்று. அவளைப் பார்த்ததும் பாய் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்.

“உக்காரு தங்கச்சி. பழைய பாக்கெட்டு ஏதாவது இருக்கான்னுதான வந்த?”

“உங்களுக்கு எப்படித் தெரியும் பாய்?”

“புதுசு வேணும்னா எந்தக் கடையிலயும் கிடைக்குமே.” மேலடுக்கைக் காட்டினார். பன்னிரண்டு பச்சைப் பாக்கெட்டுகள் முகத்தை முன்னால் காட்டி வரிசையாக நின்றன. “கம்பெனி நிறுத்தினப்ப மிஞ்சினது. உம் புருஷன் வேலை போன பொறவும் சனிக்கிழமை சனிக்கிழமை வருவான். பேசமாட்டான். ஸ்டூல்ல ஏறி, இதெல்லாம் துடைச்சி, புறா முன்னால தெரியுற மாதிரி திருப்பி வச்சிட்டுப் போவான். காலாவதியான சரக்க எந்த மடையனாவது ரெண்டு வருஷம் அடுக்குல வச்சிருப்பானா? நான் வச்சிருந்தேன். எம் பையன் திட்டுவான். பாவம், திருப்பி வைக்கிறதுக்கு அவனுக்கு ஏதாவது வேணுமேன்னு வச்சிருந்தேன்.”

ஜெயம் அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் குணமளிக்கும் ஜெபத்துக்குப் போவதாகத்தான் அவர் வீட்டில் சொல்லியிருந்தார்.

“சினிமாக்காரங்க எங்கிட்டயும் வந்தாங்க” என்றார் பாய். “இதச் சொல்லல. சொன்னா அதையும் எடுத்துக்கிட்டுப் போவாங்க.”

ஒரு பாக்கெட்டை எடுத்துத் தூசி தட்டி அவள் கையில் கொடுத்தார். 

அன்று மாலை ஜெயம் பங்குச் சாமியாரைப் பார்த்தாள். இளவயதுக்காரர். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. படம் எடுக்க வேண்டாம் என்று அவள் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“சுவரு இடிஞ்சு மூணு வருஷம் ஆச்சும்மா. நாயி உள்ள போவுது. பேரவையில கோவப்படுவாங்க.”

“தெரியும் சாமி.”

“உங்களுக்கும் நல்ல கல்லு கிடைக்கும். புறா பரிசுத்த ஆவிக்கு அடையாளம்தான். எனக்கு ஆட்சேபம் இல்ல.”

“அது பரிசுத்த ஆவி இல்ல சாமி. டீ. அவருக்கு டீயாத்தான் இருந்துச்சு. சிமென்ட்டுல சின்னதா ஒரு சிலுவ வச்சி, அதுல அந்தப் புறாவ வரையலாம்னு இருக்கேன். வேணாம்னு நீங்க சொன்னா வரையல.”

சாமியார் ஜன்னல் பக்கம் பார்த்தார். கல்லறையில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று செமினாரியில் படித்தது எதுவும் இதற்கு உதவவில்லைபோல. கடைசியில், “சின்னதாப் போடுங்க” என்றார்.

சிவசங்கரிக்குப் பிரேம்குமார் போன் செய்து சொன்னான். அவள் வற்புறுத்தவில்லை. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

சிலுவையில் எழுதியவன் அருள்முருகன். கடைப் பலகை எழுதுகிறவன். பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தான்.

“அலகுல இருக்கிறது இன்னாக்கா, எலெக்ஷன் சின்னமா?”

“தேயில. மொட்டையும் சேத்துப் போடு.”

“கல்லறைக்கு ஒலிவ இலைதான் போடுவாங்க. போன வாரம்கூட ரெண்டு போட்டேன்.”

“இதுல இருக்கிற மாதிரியே போடு.”

உள்ளங்கை அளவுக்குப் போட்டான். அதற்குக் கீழே ராஜாங்கம் என்ற பெயர், இரண்டு தேதிகள். மிச்சமிருந்த இடத்தில் சிறுமலரின் பெயரையும் எழுதச் சொல்லலாமா என்று ஜெயம் நினைத்தாள். அவள் இங்கே இல்லை என்பது ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமையாகவே வந்தது. காலைப் பூசையில் உபதேசியார் பட்டியலை வாசித்தார். இந்த வருடம் ஜெயத்தின் சீட்டில் சூசைநாதன், அந்தோணியம்மாள், சிறுமலர், ராஜாங்கம் என்று நான்கு பெயர்கள். கடைசிப் பெயரை வாசித்ததும் உபதேசியார் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஜெயம் அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள் என்பது, அது வராதபோதுதான் அவளுக்கே தெரிந்தது. இளைப்பாற்றி ஜெபத்தை அவளால் பாதிக்கு மேல் தொடர முடியவில்லை.

சாயங்காலம் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினாள். பேரவைக்காரர்கள் இரண்டு பேர் இடிந்த சுவர்ப் பக்கம் நின்று அவள் காதில் விழும்படி பேசினார்கள். கரீம் பாய் கொடுத்த பாக்கெட்டைச் சிலுவையின் அடியில் வைத்தாள். வைத்துவிட்டுக் கிளம்பியவள் திரும்பி வந்து, புறா முன்னால் தெரியும்படி அதைத் திருப்பி வைத்தாள்.

விளம்பரம் டிசம்பரில் வந்தது. வேறு ஊர்க் கோயில், வேறு பெயர்கள், சென்னை நடிகர் ஒருவர். டீயின் பெயரைப் படித்ததும் கோயில் சிரிக்கிறது. பொங்கல் வரை ஓடியது. மழையில் சிலுவையின் வெள்ளைப் பெயின்ட் உரிந்து புறாவின் ஒரு பக்கம் போய்விட்டது. சுற்றுச்சுவர் கட்டப்படவில்லை. சிமென்ட் சிலுவை கல் கட்டியதாகக் கணக்கில் வராது; பங்கு விதிப்படி ராஜாங்கத்தின் குழி 2030 செப்டம்பருக்குப் பிறகு திறக்கப்படும்.